டாக்டரிடம் நானே கேட்டேன், அக்கா

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருந்த என் ரோஸ்லின் அக்காவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லில்லியின் கழுத்துக் கட்டி வளரவில்லை. நேற்று ஊட்டியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்வது உனக்குப் பிடிக்காது.

கட்டியா என்று பதறாதே. நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும்போது தாலிச் சங்கிலியின் கொக்கியை மாட்டிவிடச் சொன்னாள். அப்போது என் விரலில் தட்டுப்பட்டது. ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். தெளிவாக எதுவும் தெரியவில்லை, மழைக்காலம் முடிந்து வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். வடநாட்டுப் பெண். ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும்.

எனக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஒருவேளை கட்டி வளர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அதைத் தெரிந்துகொண்டால் அந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொல்லி, டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். பிக்கட்டி ஊர்ப் பெண், தங்கமான குணம்.

"ஐயா, அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க. அதெல்லாம் ஒன்னும் ஆகாதுங்க," என்றாள் என்னிடம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "சார் ஈஸ் சேயிங் தேங்க்யூ," என்றாள். டாக்டர் புன்னகையோடு "வெல்கம்" என்றார். நானும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவளை நீ குறை சொல்ல மாட்டாய். நம் வீட்டுச் சட்டமும் அதுதானே? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பில் போர்டு நிறைய இஃப் வாக்கியங்கள் எழுதிப் போடுவாய். வீட்டில் யாராவது "ஒருவேளை அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தால், "வாயைக் கழுவு" என்பாய். கெட்டதைச் சொன்னால் அது காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்று நம்பினாய். நாங்கள் எல்லாருமே நம்பினோம். நீ படுத்த படுக்கையாக இருந்தபோதும், சரியாயிரும் அக்கா என்பதைத் தவிர யாரும் வேறு பேசவில்லை. நீயும் ஆமாண்டா என்றாய். உனக்குப் பேச வேறு ஏதாவது இருந்ததா?

எஸ்டேட் ஆபீசில் ஆயுள் முழுக்க ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவன் நான். எழுத வரும், பேச வராது. எதிரே ஆள் நின்றால் முதல் சொல்லே வராது. அடுத்த முறைக்குக் கேள்வியை எழுதியே கொண்டுபோகலாம் என்று ஒரு தாளில் எழுதினேன். லில்லி பார்த்துவிட்டாள். "இதையெல்லாம் எழுதி வைக்காதீங்க, வேண்டாமுங்க," என்று வாங்கி அடுப்பில் போட்டாள்.

ஆகவே பேசப் பழகினேன். ஃபோனில், வீடியோவில் ஆங்கிலம் கற்றுத்தருகிற ஒரு பெண் வருகிறாள். அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இஃப் பாடத்தில் முதலில் நடக்கக் கூடியவை, பிறகு நடக்க முடியாதவை, கடைசியில் நடந்திருக்கக் கூடியவை என்று வரிசையாகப் போனேன். "இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்." வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கும். தேயிலைக்குள் காட்டெருமை நனைந்துகொண்டு நிற்கும்.

லில்லி கேரட் சீவிக்கொண்டே சிரிப்பாள். "ஏனுங்க, அந்தப் பொண்ணுகிட்டப் பேசற அளவுக்கு எங்கிட்டப் பேசியிருக்கீங்களா?" பிறகு அவளே சேர்ந்துகொண்டாள். கான்வென்ட்டில் படித்தவள், மறந்துவிடவில்லை. "இஃப் யூ பர்ன் தி மில்க், ஐ வில் நாட் கிவ் யூ டீ," என்றாள். அன்று காலை பாலை அடிப்பிடிக்க விட்டிருந்தேன்.

ஒரு நாள் கரண்ட் போய் ஃபோனும் அணைந்துவிட்டது. நாங்களே மாறி மாறிச் சொன்னோம். காட்டெருமை வாசலுக்கு வந்தால், பஸ் வராவிட்டால் என்று போய்க்கொண்டிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த லில்லி கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாக, "இஃப் ஐ டை, வேர் வில் யூ லிவ்?" என்றாள்.

அவள் இறந்துபோனால் நான் எங்கே இருப்பேன் என்று கேட்கிறாள். தமிழில் என்றால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள், கேட்டிருந்தால் நான் உன்னைப் போல அதட்டியிருப்பேன். ஆங்கிலத்தில் அது பாடம் போல இருந்தது. பாடத்தில் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"ஐ வில் லிவ் ஹியர்," என்றேன்.

"ஹூ வில் குக்?"

"ஐ வில் லேர்ன்."

"நீங்களா?" என்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். ஆனால் அக்கா, கூரை இடிந்து தலையில் விழவில்லை. அடுத்த நாளே எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். புளியை இன்னும் அதிகமாகத்தான் கரைக்கிறேன்.

நேற்று டாக்டர், கட்டி அப்படியேதான் இருக்கிறது என்றதும், நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நாந்தான் அன்னிக்கே சொன்னேனுங்களே ஐயா," என்றாள். நல்ல செய்தி வந்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? நான் எழுந்துவிட்டேன். லில்லி எழவில்லை. "கேளுங்க," என்றாள்.

"இஃப் இட் க்ரோஸ், வாட் வில் யூ டூ, டாக்டர்?"

குரல் நடுங்கியது. நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். வளர்ந்தால் தைராய்டில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுவார்களாம். தேவைப்பட்டால் பிறகு மாத்திரை. பெரும்பாலும் குரலுக்கு ஒன்றும் ஆகாதாம். "இந்த ஊரில் யாரும் என்னிடம் இதைக் கேட்பதில்லை. எல்லாரும் நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஏனென்றே தெரியவில்லை," என்றார் ஆங்கிலத்தில். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

வளரவில்லை என்று கேட்டபோது மூச்சு வந்தது. வளர்ந்தாலும் வழி இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் தோள் இறங்கியது. நான் கேட்டது சரிதானா என்று இப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

குன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் லில்லியிடம் தமிழிலேயே கேட்டேன். "நான் முன்னாடி போயிட்டா நீ எங்க இருப்பே?"

அவள் முன்சீட்டையும் பின்சீட்டையும் பார்த்துக்கொண்டாள். "நம்ம ஊட்டுலதானுங்க. வேற எங்க போவேன்?" என்றாள். பிறகு, "ஆனா பயமா இருக்குமுங்க," என்றாள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "எதுக்குப் பயம், சொல்லு," என்றேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

இனி யார் படுத்திருந்தாலும் அருகில் உட்கார்ந்து எதற்குப் பயம் என்று கேட்பேன், அக்கா. குரல் நடுங்கினாலும் கேட்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

என்றும் உனக்கு இளையவன்,
உன் தம்பி சாமுவேல்