குளிசை போட்டால் சரியக் கூடாது

திருகோணமலை,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் நல்ல சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எலும்பு தேயும் நோய்க்குப் புதுக் குளிசை ஒன்றை இங்கே ஆராய்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வயதான பெண்கள் கிழமைக்கொரு தடவை வந்து வெறும் வயிற்றில் விழுங்குவார்கள். பாதிப்பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாவுக் குளிசை. யாருக்கு எது என்று தாதியான எனக்கும் தெரியாது. குளிசை தொண்டைக்குழாயைப் புண்ணாக்காமலிருக்க, விழுங்கியபின் அரை மணித்தியாலம் சரியாமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

போன கிழமை துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தது. எல்லோரும் தரையில் விழுந்து படுத்தோம். குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் வரும் நபீஸா உம்மா மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

“உம்மா, கீழ படுங்கோ!” என்று கத்தினேன்.

“நீங்கதானே மகள், குளிசை போட்டா சரியக் கூடாதெண்டு சொன்ன?”

இழுத்துக் கிடத்தினால் அந்த எலும்பு தாங்காது. நானும் எழுந்துபோய்ப் பக்கத்துக் கதிரையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். யன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

அலுமாரியில் இருக்கும் தடித்த போர்வையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், கண்ணாடி தெறிக்காமல் என் அறை யன்னலை மூடவேண்டும். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதிவிடுங்கள்.

இன்று மூதூர்ப் பெண்கள் வரவேண்டிய நாள். யாரையும் காணவில்லை. எங்கள் சாரதி லாபிர் இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“லோஞ்ச் ஒண்டும் வராது மிஸ்ஸி. அங்கால ஒரே புகை” என்றார்.

ஊரடங்கு போடப் போகிறார்களாம். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
இராசமலர்