வேரில்தான் நோய், பலகையில் இல்லை

லூனாஸ்,
9-6-1943

என் மகள் பிரேமாவதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், தாப்பாவில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள், அதனால் லோரி ஓட்டும் மணியம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தால் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் உன் மாமனார் என்ன சொன்னார்? ஜப்பான் சிப்பாய்கள் கதவையும் சுவர்ப்பலகையையும் விறகுக்குப் பிடுங்கிப்போன வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு மருமகளை அனுப்ப மாட்டேன் என்றார். நியாயம், ஒத்துக்கொண்டேன். வேறு மரம் கிடைக்காமல், வேர்நோயில் சாய்ந்த ஏழு ரப்பர் மரங்களை வெட்டினேன். அதை மறைக்காமல் உனக்கு எழுதினேன் பார், அது என் புத்தி. இப்போது, நோய் மரத்துக் கதவுக்குள் பிறந்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறாராம், நீயும் 'மாமா சொல்றதுலயும் அர்த்தம் இருக்குதேப்பா' என்று எழுதுகிறாய். மூன்று வருடம் மரநோய் படித்தவன் நானா, கடை வைத்திருக்கும் அவரா? வெள்ளைப் பூஞ்சை வேரைத்தான் தின்னும். அடிமரத்தில் மூன்றடி நறுக்கிக் கொளுத்திவிட்டேன். மிச்சத்தைக் கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்து, மந்தமாய்ச் சத்தம் வந்த துண்டை எல்லாம் ஒதுக்கினேன். அதற்குள் கங்காணி இருளப்பன் 'அமாவாசை கழியட்டும்லா ஐயா, மரம் என்ன ஓடியா போவுது' என்று அறுக்க வந்த ஆட்களை நிறுத்திவிட்டார். ஓடாது, வெட்டிய ஐந்தே நாளில் நீலப் பூஞ்சை பூத்து வண்டு விழும். இரண்டு மரம் அப்படியே பாழ். மீதியை நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து அறுத்தோம். நான் இருளப்பனைத் திட்டிக்கொண்டே இருக்க, 'வாயால அறுத்தது போதும், வாளை இழுங்க' என்றாள். பலகையை ஆற்றில் ஊறப்போட்டு, ரப்பர் வாங்க ஆளில்லாமல் சும்மா கிடக்கும் புகைக்கொட்டகையில் பத்து நாள் காயவைத்தேன். தட்டினால் கணீரென்கிறது.

சிப்பாய்களுக்குப் பயந்து பதினாலு வயதில் உன்னைக் கட்டிக்கொடுத்தேன். ஊரே அப்படித்தான் செய்தது, ஆனாலும் தப்பு என்னுடையது. அந்தப் பக்கத்தில் மருத்துவச்சி இல்லை என்று நீயேதான் எழுதினாய். இங்கே செல்லாயி இருக்கிறாள். இன்னொரு தப்புக்கு நான் ஆளில்லை.

கதவு மாட்டியாகிவிட்டது. அடுத்த புதன்கிழமை மணியத்தோடு நானே வருகிறேன். இதை மாமனாரிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. சந்தேகமிருந்தால் அவரும் வந்து தட்டிப் பார்க்கட்டும். நீ லோரியில் ஏறி உட்கார், சண்டை போடுவது என் வேலை.

நல்லபடியாய்ப் பெற்றெடுத்து நீடூழி வாழ். மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தின்னு. துணிமணியை இன்றே மூட்டை கட்டி வை.

உன் அப்பா,
குழந்தைவேலு