ஆள் குறையக் கூடாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். எங்கள் கவலையெல்லாம் உன் உடம்பைப் பற்றித்தான். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், யார் என்ன சொன்னோம் என்பதே தெரியாமல் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

குழந்தை குறுக்கே கிடக்கிறது, பிரஷரும் ஏறுகிறது என்று டாக்டரம்மா சொன்னதாக மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னார். நீ என்னிடம் மூச்சு விடவில்லை. உப்பைக் குறைத்துக்கொள். மாடியேறித் துணி காயப்போடுகிற வீரத்தையெல்லாம் மூட்டை கட்டி வை.

எங்கள் பயணப்பெட்டிக் கம்பெனி மூடப்போகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மூடவில்லை. அரசாங்கம் கை கொடுத்திருக்கிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் அதுவே தருகிறது. ஒரே நிபந்தனை, இப்போது இருக்கிறவர்களில் ஓர் ஆள் குறைந்தாலும் உதவி நின்றுவிடும். செய்தி வந்த அன்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். முதலாளி, பாவம், காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வருகிற மனுஷர், அவரும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வராதவர் வேலையை விட்டு நின்றதாகவே கணக்கு என்று பிறகுதான் சொன்னார்கள். உன்னிடம் வந்து திரும்பவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். பிரசவம் நம் சௌகரியம் பார்த்தா வரும்?

செய்ய வேலை இருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறும். தைக்கத் துணி இல்லை, பொருத்தச் சக்கரம் இல்லை. காலையில் போய் வருகை பதிகிற இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு, உறை போட்ட மிஷின் முன்னால் உட்கார்கிறோம். கரண்ட் செலவென்று ஃபேன்கூடப் போடுவதில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பயணப்பெட்டிக்கு ஜிப் தைத்துக் கொடுத்தவள், மகளைப் பார்க்கக் கிளம்ப வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

கேட்காமலும் இல்லை. ஆள் கணக்கைச் சோதிக்க வந்த அரசாங்க அதிகாரியிடமே போய் நின்றேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. பிரசவம் உங்களுக்குன்னா லீவு உண்டு. பொண்ணுக்குன்னா சட்டத்துல இடமில்லையே, நான் என்ன பண்றது?" என்றார். ஒரு கெட்டவர் அகப்பட்டிருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். திட்டவும் ஆளில்லை.

என் வேலை மட்டும் போகும் என்றால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். பக்கத்து மிஷின்காரியின் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான். நேற்று அவளே வந்து, "நீங்க போங்கக்கா, எங்களுக்கு ஏதாவது ஒரு வழி பொறக்கும்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போகவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பாவை அனுப்புகிறேன். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, உனக்கே தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் நம்முடையவர் என்று ஒருவர் நிற்பார். அவருக்கு மாத்திரையை மட்டும் நினைவுபடுத்து.

வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. நர்ஸ் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், வாய்விட்டு அம்மா என்று கத்து. தாயும் பிள்ளையுமாக நீங்கள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். என்மேல் மட்டும் கோபப்படாதே, கண்ணே. நீ கூப்பிடுகிற அந்த நேரத்தில் நான் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா