மேல் றோட்டுக்குத் தெரிந்த நெப்பிக் கொடி

பிள்ளையார் துணை

கட்டுக்கலை,
கண்டி.
13.12.1994

அன்பு மகள் கோகிலாவுக்கு,

அம்மா எழுதுவது. அந்த ஊரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனாலும் மாநகரசபை வேலைக்கு நடந்துதான் போய் வருகிறார், அதுவும் சுற்று வழியில், ஏன் என்று நான் கேட்பதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள். ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை, சுவரெல்லாம் ஓதம், உன் புத்தகங்கள் இருந்த தட்டில்கூடப் பூஞ்சணம் பிடித்துவிட்டது, துடைத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் விமான நிலையத்துக்கு வேனில் ஏறும்போது நீ என்னிடம் ஒன்று சொன்னாய். பிறக்கப் போகிறதைப் பற்றி எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம், எழுதினால் படிக்காமலே கிழித்துப் போடுவேன் என்றாய். இதுவரை எழுதிய நான்கு கடிதத்திலும் நான் அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். மாசியில் பிறந்தபோதும் அப்பாதான் ஹலீம் நானாவின் கடையிலிருந்து உனக்குத் தொலைபேசியில் சொன்னார், தம்பி பிறந்திருக்கிறான் என்றதற்கு நீ மஸ்கட்டில் எவ்வளவு சூடு என்று பேசிவிட்டு வைத்துவிட்டாயாம். உன்னை நான் குறை சொல்லவில்லை. மாத்தளையில் உனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை இடம் எதனால் கெட்டது என்று எனக்குத் தெரியாதா. மகளுக்கு வளைகாப்புப் போட வேண்டிய வயதில் அம்மாவுக்கா போடப் போகிறீர்கள் என்று அவர்கள் சொல்லியனுப்பியதை நான் மறந்தால்தானே. நாற்பத்தைந்து வயதில் வயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வகுப்பில் நின்றவள் நான். ஆனால் இந்தக் கடிதத்தை அவனைப் பற்றி எழுதாமல் எழுத முடியவில்லை. புசல்லாவை இடமும் கைவிட்டுப் போய்விட்டது. காரணம் அவன்தான், அவனைவிட நான்தான். அப்பா தன் கையால் எழுத மாட்டேன் என்கிறார், தரகர் அழகமுத்து வேறு விதமாக உனக்கு எழுதக்கூடும், அதற்கு முன் நடந்தது நடந்தபடி என்னிடமிருந்தே உனக்குத் தெரிய வேண்டும்.

நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டுப் பின்முற்றம் மேல் றோட்டுக்கு அப்படியே தெரியும் என்று உனக்குத் தெரியும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நம் கொடியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். கலியாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டுக் கொடியில் கைப்பிள்ளைக்குக் கட்டுகிற நெப்பித் துணி காய்ந்தால் என்ன பேசுவார்களோ என்று எனக்குப் பயம். அதனால் என் சேலைகளையும் அப்பாவின் சேட்டுகளையும் வெளியே போட்டேன், அவனுடைய நெப்பிகளை மட்டும் குசினியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன், இடம் போதாதபோது அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். பிறந்ததிலிருந்து அவனுடைய துணி ஒன்றுகூட வெயில் பார்க்கவில்லை. சித்திரை, வைகாசியில் எப்படியோ காய்ந்தது. மழை பிடித்த பிறகு எதுவும் காயவில்லை, தொட்டால் குளிர்ந்து முடை நாற்றம் அடிக்கும், அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக் காய்ந்துவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு கட்டினேன். யாராவது வந்தால் வாடை தெரியக்கூடாது என்று அதற்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி வேறு. தொடையிடுக்கில் சிவக்கத் தொடங்கியதும் பவுடரைக் கொட்டினேன், பவுடர் ஈரத்தில் ஊறி மாவாகி மடிப்புக்குள் அரைத்தது, அதைப் போக்கச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேய்த்த இடம் தோலுரிந்தது. ஏழாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கிறவள் நான். வெயில் கிருமிகளைக் கொல்லும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வந்து பிள்ளையின் துணியை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன்.

பள்ளிக்கூட நாட்களில் அவனைப் பக்கத்து வீட்டு ரபீகாதான் பார்த்துக்கொள்வாள். நான் கட்டிவிட்ட ஜட்டியை மாலை நான் வரும்வரை அவிழ்க்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கார்த்திகை நடுவில் ஒரு நாள் அவன் ஓயாமல் அழவே அவள் அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, யா அல்லாஹ், இது என்ன டீச்சர், ஒங்கட வெக்கத்தையெல்லாம் புள்ளட குண்டியிலயா கட்டிவெச்சிருக்கீங்க என்று கேட்டாள். கோபித்துக் கேட்கவில்லை, கண் கலங்கித்தான் கேட்டாள். அடுத்த நாள் வீடு பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், அவர் சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசுகிறவர், மழையில் நனைந்த முகத்தைக்கூடத் துடைக்காமல் குனிந்து பார்த்துவிட்டு, டீச்சர், வெயிலுக்குக் காசு எடுக்கிறது இல்லைதானே என்றார். டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு, இது வெறும் ஈரப்புண் இல்லை, மடிப்புக்குள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அதுதான் சிவப்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பரவியிருக்கிறது, களிம்பு போட்டாலும் மாறக் கிழமைகள், ஒரு மாதம்கூட ஆகும் என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் சொன்னபடி செய்கிறேன், உனக்கும் எழுதி வைக்கிறேன். உனக்கு ஒரு பிள்ளை வரும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துகொண்டு போகிறது, கடிதமாவது இருக்கட்டும். நனைந்த உடனே மாற்றிவிடு, அழும்வரை பார்த்திருக்காதே. இளஞ்சூட்டு நீரில் கழுவினால் போதும், சவர்க்காரம் வேண்டாம், துடைக்கும்போது தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடு. பவுடர் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றுப் பட விடு, பாய் நனைந்தால் நனையட்டும். வெறும் சிவப்பாக இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கிற வெள்ளைக் களிம்பைத் தடிப்பாகப் பூசு, இரண்டு மூன்று நாளில் மாறாவிட்டாலும் புள்ளிகள் கண்டாலும் தோலுரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடு, நான் செய்ததுபோல நீயாக வைத்தியம் பார்க்காதே. துணியைச் சவர்க்காரம் போகும்வரை மூன்று தண்ணீரில் அலசி, கொதிக்கவைத்து, வெயிலில் போடு. யார் பார்த்தாலும் வெயிலில் போடு.

இனிப் புசல்லாவை விஷயம். அந்தப் பையனின் படத்தைப் பார்த்துவிட்டு நீ அப்பாவுக்கு எழுதிய அட்டையை அவர் எனக்குக் காட்டினார். இந்த இடம் எனக்குச் சம்மதம், இந்த முறையாவது கெடுத்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். இத்தனை மாதத்தில் நீ ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கம்பளையில் வங்கி வேலை, நல்ல முகம், தகப்பனார் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர், நம் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். தரகர் அவர்களிடம் ஒரே மகள் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார், தம்பி இருப்பதைச் சொல்லவில்லை. கலியாணம் நிச்சயமான பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் டீச்சரம்மா, இப்பவே எதுக்குக் கொட்டி வைக்கணும் என்றார். அப்பாவும் அதுவே சரி என்றார், நானும் தலையாட்டினேன், அதை மறைக்க மாட்டேன். அவர்கள் வரும் நேரம் மட்டும் அவனை ரபீகா வீட்டில் விடுவது, கொடியைக் கழற்றிவிடுவது, இதுதான் ஏற்பாடு. நாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்றிருந்தது.

அன்று காலை ஒன்பது நாளைக்குப் பிறகு வெயில் வந்தது. வீட்டில் காய்ந்த நெப்பி ஒன்றுகூட இல்லை, அவனுக்கு என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தேன், புண் அதில் ஒட்டி அவிழ்க்கும்போது இரத்தம் வந்தது. பன்னிரண்டு நெப்பியையும் கொதிக்கவைத்து மேல் றோட்டுக்குத் தெரிகிற கொடியில் வரிசையாகப் போட்டேன், இரண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்றுதான் போட்டேன். அவனை ஒன்றும் கட்டாமல் முற்றத்தில் பாய் போட்டுக் குப்புற விட்டேன், தவழ்ந்து ஓடாமல் ரபீகா பிடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கே வாசலில் தரகரின் குரல். நல்ல நேரம் பின்னேரத்தில் இல்லையென்று யாரோ பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்களாம், காலை பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள், கிளாக்கரும் அவர் மனைவி இரத்தினம்மாவும். அப்பா சேட்டுப் பொத்தானைப் போட்டபடியே, வாங்க வாங்க, உக்காருங்க என்று கதிரைகளை இழுத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. உன் படத்தைப் பார்த்து, மூக்கும் முழியுமா லெச்சணமா இருக்கா என்று அந்த அம்மா சிரித்தார். பிறகு கை கழுவ வேண்டும் என்று எழுந்து, நான் தடுப்பதற்குள் குசினிக் கதவைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டார்.

கொடியையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். பின்னாலேயே ஓடி வந்த அப்பா, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டார். ரபீகா என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு எல்லாம் கடந்து போயிருக்கும் மகள். ஆனால் அந்த அம்மா பிள்ளைப் பாசம் உள்ளவர், பாயருகில் குந்திப் புண்ணைப் பார்த்துவிட்டு ரபீகாவிடம், ஏம்மா, பச்சப்புள்ளய இப்படியா அழுக விடுவ, பெத்தவ தானே நீ, ஒனக்குக் கண்ணு இல்லையா என்று கேட்டார். ரபீகாவுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அவள் படும் பாடும் உனக்குத் தெரியும். நமக்காக அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு, மாத்துறேம்மா, இனிக் கவனமாப் பாக்குறேன் என்றாள். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பெத்தவ நான்தாங்க, என் பிள்ளைதான், கண்ணில்லாமல் இருந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

இரத்தினம்மா எழுந்து கை கழுவினார். வேப்பிலைத் தண்ணி வெச்சுக் கழுவிப் பாருங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே போய் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்கள், மழை வருமுன் பஸ் பிடிக்க வேண்டும் என்றார்கள், போனார்கள். பத்தாம் திகதி அழகமுத்து பதில் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டிய மச்சானுக்கு மொதல்ல பல்லு மொளைக்கட்டும் என்று கிளாக்கர் சொன்னாராம், சொல்லிவிட்டுச் சிரித்தாராம். பொய் சொன்ன வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று அந்த அம்மா சொன்னாராம். இரண்டாவது பேச்சுத்தான் எனக்கு வலித்தது, அது நியாயமான பேச்சு. இனி இந்த வீட்டுக்கு இடம் பார்க்க என்னால் முடியாது என்று தரகரும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார்.

என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டால் மறுபடி அப்படிச் செய்ய மாட்டேன் என்று அர்த்தமாகிவிடும், நான் அந்த இடத்தில் மறுபடி நின்றாலும் அதைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அவன் இருப்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் என் குற்றம். உன் வாழ்க்கையைக் காப்பாற்றுவதாக எண்ணி அவனை ஒளித்தேன், அவன் தோலும் போனது, உன் இடமும் போனது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை விட்டுக்கொடுத்தேனா என்று தினமும் என்னையே கேட்கிறேன். எந்தப் பிள்ளைக்காக எந்தப் பிள்ளையை என்றுகூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புண் முன்புறம் கொஞ்சம் வற்றியது, இடுக்கில் அப்படியேதான் இருக்கிறது, நேற்றிலிருந்து மறுபடி மழை.

மார்ச்சில் உன் ஒப்பந்தம் முடிகிறது. கலியாணத்துக்கு என்று நீ வருவதாக இருந்தது, இனி வர மாட்டாய், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாய் என்று அப்பாவும் சொல்கிறார், எனக்கும் தெரிகிறது. வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை அப்பாவுக்கு எழுது, எனக்கு எழுத வேண்டியதில்லை. வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தண்ணீர் நிறையக் குடி, பாஸ்போட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், பிள்ளையார் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அவன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. நீ கேட்டால் எழுதுவேன். கேட்பாய் என்று நினைத்துச் சொல்லவில்லை, ஒரு பெயர் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் அம்மா,
புஷ்பம்