அக்கா வீட்டுக் கரண்ட்

மார்ச் 4
இன்று அக்கா வீட்டுக் கரண்டை நானே கட் செய்தேன். ரோட்டை அகலப்படுத்துகிறோம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று அந்தத் தெரு முழுக்க அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டியது. சிலர் மட்டும் கோர்ட்டுக்குப் போனார்கள், அத்தானும் ஒருவர். போனவர்கள் வீட்டுக்கு மட்டும் இப்போது கரண்ட் கிடையாது. அந்தப் பகுதிக்கு லைன்மேன் நான்தான். வேறு ஆளை அனுப்புங்கள் சார் என்று என்ஜினீயரிடம் கெஞ்சினேன். "சொந்தக்காரன்னா சலுகையா? நீ போகலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கே வராதே" என்றார். கம்பத்தில் ஏணியைச் சாத்தும்போது அக்கா வெளியே வந்து நின்றாள். "பாத்து ஏறுடா" என்றாள். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னாள்.

மார்ச் 5
அத்தானுக்கு நுரையீரல் பழுது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் படுக்க முடியாது. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். "நான் காலை வெளிய வெச்சா, பின்னாடியே புல்டோசர் வந்து நிக்கும் மச்சான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கலாமா என்று கேட்டோம். நல்ல மனிதர்கள்தான். ஆனால், "எங்களுக்கும் கட் பண்ணிட்டா?" என்கிறார்கள்.
கடைசியில், என் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் போட்டு, ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கட் பண்ணுவதும் நான், கரண்டைச் சுமப்பதும் நான். நல்ல பிழைப்பு!

மார்ச் 9
பேட்டரி தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 12
ஜெயித்துவிட்டோம்! வழக்கு முடியும்வரை கரண்டை நிறுத்தக் கூடாது, உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். டீக்கடையில் இதே பேச்சு. முடிவெட்டுகிறவர், "கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதாலதான் நாமெல்லாம் மனுஷனா நடமாடறோம்" என்றார். டீ மாஸ்டர் மட்டும், "முதல்ல அந்தத் தெருவுல பல்பு எரியட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். வாயைக் கழுவய்யா என்றேன்.
அத்தான் ஃபோனில், "எப்ப வர்றே மச்சான்?" சாயங்காலம் என்றேன்.

மார்ச் 13
போகவில்லை. உத்தரவு நகல் ஆபீசுக்கு வரவில்லையாம்.

மார்ச் 16
வந்துவிட்டது. என்ஜினீயர் மேசையிலேயே பார்த்தேன். "கோர்ட் சொல்லிடுச்சு, சரி. மேலிடத்துலேர்ந்து எனக்கு யாரும் சொல்லலையே?" மேலிடத்துக்கும் மேலேதானே சார் கோர்ட் என்றேன். "அதை அங்க போய்ச் சொல்லு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குப்பா." அப்புறம் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.
திரும்பும்போது அந்தக் கம்பத்தடியில் நின்றேன். ஏணி இருந்தது, கொறடு இருந்தது, கோர்ட்டே சொல்லியாயிற்று. ஆனால் போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் இரக்கப்பட்டு இணைப்புக் கொடுத்தான். வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். ஏறவில்லை. என்னடா ஆம்பளை நீ? — தெரியவில்லை.

மார்ச் 19
அத்தான் போய்விட்டார்.
விடிகிற நேரத்தில் பேட்டரி நின்றிருக்கிறது. அக்கா எனக்கு ஃபோன் போட்டுவிட்டு, ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வேறு பேட்டரியோடு ஓடினேன். அப்போதும் விசிறிக்கொண்டுதான் இருந்தாள். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அதே நாள், மாலை
என்ஜினீயரே கூப்பிட்டார். உடலை வைக்கிற ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே என்றார். சாவு வீட்டுக்குத் தற்காலிக இணைப்பு கொடுக்க யாரையும் கேட்க வேண்டாமாம், அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறதாம். "உடனே குடுத்துடுப்பா. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"
ஏறினேன். வயரை முறுக்கினேன். இறங்கினேன். உள்ளே பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டது.
அக்கா வாசலில் நின்று என்னையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"இவ்ளோதானாடா வேலை?" என்றாள்.
கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை.