மாலதியின் ஸ்லொவீன்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே வெக்கை. கடற்காற்று மூன்று மணிக்குத்தான். அடையாறு ஆபீஸில் ஏசி பேருக்கு.

அகராதியில் ஆங்கில 'ரன்' முடிந்தது. முப்பத்தெட்டுப் பொருள் பிரித்திருக்கிறேன். ஆள் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, சாயம் போவது... மூன்று வார உழைப்பு. இனி ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கட்டத்தில் மாலதி ஸ்லொவீன் சொல் போடுவாள். புருஷன் வேலைக்காக ஆறு வருஷம் அந்த மொழி பேசும் ஐரோப்பிய நாட்டில் இருந்தவள். இங்கே சேர்ந்து ஒரு வருஷம். நான் பதினாலு.

தலைமை ஆசிரியர் சுந்தர் சார் அவளிடம்: "நீங்க வந்தப்புறம்தான் மாலதி, நம்ம அகராதிக்கே ஒரு களை."

பதினாலு வருஷம் களையில்லாமல் இருந்திருக்கிறது.

இந்தக் கோப்பு போனதும் அடுத்த தொகுதிக்கு ஆசிரியர் யார் என்று சொல்வாராம். அவள், இல்லை நான்.

துவரம்பருப்பு. கண்ணாடிக்கு ஸ்க்ரூ. கரண்ட் பில்.

ஜூன் 10, செவ்வாய்

ஜனவரியிலிருந்து மா. போடும் சொற்களை எழுதிக்கொண்டுவந்து வீட்டில் படிக்கிறேன். யாருக்கும் தெரியாது. எதற்கு? அவளிடம் மட்டும் ஒன்று இருப்பது பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

காய் நறுக்கும்போது: தெச்சி, வோதித்தி, வோஸித்தி. ஓடுவது, நடத்துவது, வண்டி ஓடுவது.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னடி முணுமுணுத்துண்டிருக்க? புது ஸ்லோகமா?"

"ஆமா, பிரதோஷத்துக்கு."

"சாம்பார்ல உப்பு போட்டியா பாரு."

போடவில்லை.

ஜூன் 12, வியாழன்

மா. முடித்துவிட்டாள். நாளை நான்கு மணிக்கு அனுப்ப வேண்டும். ஐந்தரைக்கு, எல்லோரும் போனபின், திறந்து பார்த்தேன்.

பத்தாவது சொல்லை இரண்டு முறை ஒட்டியிருக்கிறாள். அதன்பின் எல்லாம் ஒரு வரி கீழே. மூக்கு ஒழுகுவதற்கு எதிரே இயந்திரம் ஓடும் சொல். கடை நடத்துவதற்கு எதிரே மூக்கு. அட்டவணைக்கு அடியில் ஒரு சொல் அநாதையாக.

ஆபீஸில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. வெளியே போனபின் புகார் வரும். மா. பேரில். நான் சும்மா இருந்தால் போதும்.

பஸ்ஸில் மந்தைவெளி வரை சந்தோஷமாக இருந்தேன். உண்மை. எழுதிவைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

தூக்கம் சரியில்லை. மா.வுக்காக இல்லை. என் இருபத்தெட்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தப்பான சொல்லோடு வெளியே போகும்.

பதினொரு மணிக்கு அவள் மேஜைக்குப் போனேன்.

"பதினொண்ணுலேர்ந்து ஒரு வரி எறங்கியிருக்கு."

பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ. ஆமா கீதா." பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஜனவரிலேர்ந்து படிக்கறேன்."

"யார்கிட்ட?"

"உங்க கட்டங்களப் பாத்துதான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நேரே சார் அறைக்கு இழுத்துப் போனாள். "சார், நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரல. கீதா தானே படிச்சிருக்காங்க. என் தப்பையே கண்டுபிடிச்சிட்டாங்க."

சார் சிரித்தார். "பாத்தீங்களா, மாலதி பக்கத்துல உக்காந்தாலே பாஷை ஒட்டிக்குது. அடுத்த தொகுதி மாலதியே பாக்கட்டும். கீதா கூட இருந்து உதவி பண்ணட்டும்."

வெளியே கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும்.

மூன்றரைக்கு, திருத்திய கோப்பு போனது. கிளம்பும்போது வோஸித்தியை எப்படி உச்சரிப்பேன் என்று மா. கேட்டாள். சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். இரண்டும் சரியான திருத்தம்.