செய்முறைத் தேர்வு உங்களுக்கு

மகா மேலாளர் அவர்களுக்கு,

"நாப்பது வயசுல மேனேஜ்மென்ட் படிச்சு எதை மேனேஜ் பண்ணப் போற?" என்று நேற்று உங்கள் தங்கை முன்னால் சிரித்தீர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இன்று எனக்கு பி.பி.ஏ. முதல் பரீட்சை. பாடம், பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது. எழுத்துத் தேர்வு எனக்கு, செய்முறை உங்களுக்கு.

குழாய் ரிப்பேர்காரர் வருவார். ஒழுகுவது சமையலறைக் குழாய். சமையலறை, கூடத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது. சாயங்காலம் சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டுச் சாவி ஆணியில், காய் அடுப்பில்.

உங்கள் மனைவி

பி.கு.: என் பையில் புதுப் பேனா வைத்தது யாரென்று தெரியும். அதனால் கோபம் தீர்ந்ததென்று நினைக்க வேண்டாம். காயில் உப்பு போடவில்லை. உப்பு டப்பா எங்கே என்று போன் செய்யாதீர்கள், அந்தப் பேனாவால் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன்.